சுரங்க ரயிலும் விரிசல் கண்ட வீடுகளும்

(நகர்ப்புறப் போக்குவரத்தும் குடியிருப்போர் நலனும் பற்றிய கருத்தரங்கில் ஆற்றிய உரை)



பெருநகரங்களுக்கு விரைவுப் போக்குவரத்து இன்றியமையாதது என்பதை இன்று யாரும் மறுப்பதற்கில்லை. சாலைகள் அகலமாவதில்லை, வாகனங்களோ நாள்தோறும் பெருகுகின்றன. ஆகவே நிலத்துக்கு மேலே தூண்களின் மீதும், நிலத்துக்கு அடியே சுரங்கங்களின் வழியாகவும் ரயில் பாதைகள் அமைக்கப்பட்டு வருகின்றன. இந்தப் பணிகள் தேவைதானா என்பது எனது பொருளன்று. தேவை என்று ஒப்புக்கொண்டே பேசுகிறேன். பல லட்சம் மக்கள் பெறும் நன்மைக்காகச் சில நூறு குடும்பங்களின் வீடுகள் பழுதுபட்டால், அந்தச் செலவை யார் ஏற்பது? இதுவே என் கேள்வி.

திட்டத்தால் பாதிக்கப்படுவோர் இரு வகையினர். முதல் வகையினர் நிலத்தை இழப்பவர்கள். அவர்களுக்கு அறிவிக்கை வருகிறது, ஆட்சேபம் தெரிவிக்கக் காலம் தரப்படுகிறது, இழப்பீடு கணக்கிடப்படுகிறது. தொகை போதுமா என்பது பற்றிச் சச்சரவு இருக்கலாம். ஆனால் அவர்கள் பெயர் பதிவேட்டில் இருக்கிறது. இரண்டாம் வகையினர் நிலத்தை இழக்காதவர்கள். ரயில் அவர்கள் வீட்டின் பக்கத்திலோ அடியிலோ செல்கிறது. அவர்களிடமிருந்து ஓர் அங்குல நிலமும் எடுக்கப்படவில்லை. ஆகவே பதிவேடு எதிலும் அவர்கள் பெயர் இல்லை. ஒருநாள் சுவரில் விரிசல் காண்கிறது, கதவு நிலையில் சிக்குகிறது, தரை சாய்கிறது. அப்போதுதான் தாங்களும் திட்டத்தால் பாதிக்கப்பட்டவர்கள் என்பது அவர்களுக்குத் தெரியவருகிறது. இந்த இரண்டாம் வகையினரைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கொல்கத்தா தரும் பாடம்

நம் நாட்டில் நிலத்தடி ரயிலின் வரலாறு கொல்கத்தாவில் தொடங்குகிறது. 1972 டிசம்பர் 29 அன்று அங்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1984 அக்டோபர் 24 அன்று எஸ்பிளனேடுக்கும் பவானிப்பூருக்கும் இடையே 3.4 கிலோமீட்டர் தூரத்துக்கு முதல் ரயில் ஓடியது. டம்டம் முதல் டாலிகஞ்சு வரையிலான பாதை முழுவதும் நிறைவேற 1995 வரை ஆயிற்று. அப்பாதையின் பெரும்பகுதி, சாலையை மேலிருந்து அகழ்ந்து, பெட்டி போன்ற கட்டுமானத்தை அமைத்து, மீண்டும் மூடும் முறையில் கட்டப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நகரின் நடுச்சாலைகள் பள்ளமாகக் கிடந்தன. அந்த இடர்ப்பாட்டை மக்கள் கண்ணால் கண்டனர்.

அடுத்து வந்த கிழக்கு மேற்குப் பாதை வேறு வகையானது. ஹௌரா மைதானத்திலிருந்து சால்ட் லேக் ஐந்தாம் பிரிவு வரை ஏறத்தாழ 16.6 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில், 10.8 கிலோமீட்டர் நிலத்தடியில் அமைந்துள்ளது. ஹூக்ளி ஆற்றின் அடியில் 520 மீட்டர் தூரத்தை ரயில் ஏறத்தாழ 45 விநாடிகளில் கடக்கிறது. நாட்டில் ஆற்றுக்கு அடியில் ஓடும் முதல் மெட்ரோ ரயில் இதுவே. சுரங்கம் தோண்டும் இயந்திரம் பூமிக்குள்ளேயே முன்னேறி, பின்னால் கான்கிரீட் வளையங்களைப் பொருத்திக்கொண்டு செல்கிறது. மேலே நடமாடுவோருக்குப் பணி நடப்பதே தெரிவதில்லை. இம்முறையின் பெரும் சிறப்பு அதுதான். ஆனால் ஏதேனும் தவறு நேருமாயின், அது வீட்டுக்காரருக்கு முன்னறிவிப்பின்றி வந்து சேருகிறது.

2019 ஆகஸ்டு 31 அன்று பௌபஜார் பகுதியில் அது நேர்ந்தது. எஸ்பிளனேடிலிருந்து சியால்டாவை நோக்கிச் சென்றுகொண்டிருந்த 'சண்டி' என்னும் இயந்திரம் நிலத்தடி நீர் தேங்கிய மணற்படுகை ஒன்றைத் தாக்கியது. தண்ணீரும் வண்டலும் சுரங்கத்துக்குள் பாய்ந்தன. உள்ளே பாய்ந்த மண், மேலேயிருந்த வீடுகளைத் தாங்கிக்கொண்டிருந்த மண்ணே அன்றோ? துர்கா பிதுரி சந்து, ஸ்யாக்ராபாரா சந்து, கௌர் தே சந்து ஆகிய இடங்களில் வீடுகள் விரிசல் கண்டன; சில சாய்ந்தன; அடுத்த சில நாட்களில் சில இடிந்து விழுந்தன. குடியிருந்தோர் வெளியேற்றப்பட்டு விடுதிகளில் தங்கவைக்கப்பட்டனர். முன்கூட்டி வெளியேற்றியதால் இடிபாடுகளில் சிக்கி எவரும் உயிரிழக்கவில்லை. கசிவைக் கட்டுப்படுத்தச் சுரங்கத்துக்குள் தடுப்புச்சுவர் எழுப்பி, எதிர் அழுத்தத்துக்காகத் தண்ணீரையே நிரப்ப வேண்டியதாயிற்று.

இப்பகுதியின் தன்மையையும் நாம் மனத்திற் கொள்ள வேண்டும். 'ஸ்யாக்ரா' என்ற வங்கச் சொல்லுக்குப் பொற்கொல்லர் என்று பொருள். பௌபஜார் நகை வணிகத்துக்குப் பெயர் பெற்ற இடம். குறுகிய சந்துகளில், செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய பழைய வீடுகள் ஒன்றோடொன்று தோள் சேர்ந்து நிற்கின்றன. மேலே குடும்பம், கீழே பட்டறை என்பதே பல வீடுகளின் அமைப்பு. சொந்தக்காரர் ஒருவராயின், தலைமுறைகளாக வாடகைக்கு இருப்போர் பலர். ஆகவே ஒரு வீடு இடிந்தபோது ஒரு குடும்பம் மட்டும் தெருவுக்கு வரவில்லை. பல அடுப்புகள் அணைந்தன. பல பட்டறைகளில் உலை அவிந்தது.

பணியை நிறைவேற்றி வந்த கொல்கத்தா மெட்ரோ ரயில் கழகம், மாநில அரசுடன் நடந்த பேச்சின் பின்னர், பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு ரூ. 5 லட்சம் வழங்க ஒப்புக்கொண்டது. இடிந்த வீடுகளை மீண்டும் கட்டித்தருவதாகவும் உறுதி கூறப்பட்டது. விரைவாக ஒரு தொகை அறிவிக்கப்பட்டது பாராட்டுக்குரியது. ஆனால் செய்தி அத்துடன் முடியவில்லை. 2022 மே 11 அன்று துர்கா பிதுரி சந்தில் மீண்டும் விரிசல் தோன்றியது. அதே ஆண்டு அக்டோபர் 14 அன்று, இரு சுரங்கங்களையும் இணைக்கும் குறுக்கு வழி அமைக்கும் பணியின்போது, மதன் தத்தா சந்தில் வீடுகள் விரிசல் கண்டன. மூன்றாண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் மூன்று முறை அப்பகுதி மக்கள் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியேறினர். 2025 ஆகஸ்டு 22 அன்று எஸ்பிளனேடு, சியால்டா இடையிலான பகுதியும் திறந்துவைக்கப்பட்டுப் பாதை முழுமை பெற்றது. ரயில் ஓடத் தொடங்கிவிட்டது என்பதனால், வீட்டுக்காரரின் கணக்கு நேராகிவிட்டது என்று கொள்ளுதல் ஆகாது.

மண் எவ்வாறு நகர்கிறது?

இழப்பீட்டைப் பற்றிப் பேசுமுன், சேதம் எவ்வாறு நேர்கிறது என்பதைச் சுருக்கமாக விளக்க விரும்புகிறேன். காரணம் தெரியாதவரின் கோரிக்கை நிற்பதில்லை.

இயந்திரம் தோண்டும்போது, சுரங்கத்தின் கொள்ளளவைவிடச் சிறிது அதிகமான மண் எப்போதும் வெளியேறுகிறது. ஆறு மீட்டர் விட்டமுள்ள சுரங்கத்தில் ஒரு சதவிகிதம் மண் கூடுதலாக வெளியேறினாலும், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் கால் கன மீட்டருக்குச் சற்று மேற்பட்ட வெற்றிடம் உண்டாகிறது. அவ்வெற்றிடம் மேல்நோக்கிப் பரவி, தரைமட்டத்தில் ஆழமற்ற தொட்டி போன்ற தாழ்வாக வெளிப்படுகிறது. நிலத்தடி நீரை இறைத்து வெளியேற்றினாலும் களிமண் சுருங்கி நிலம் தாழும். ஆழமான நிலையங்களுக்காகக் குழி தோண்டும்போது பக்கச் சுவர்கள் உட்புறம் சற்று வளைவதாலும் அடுத்த மனைகள் அசையக்கூடும்.

வீடு முழுவதும் ஒரே அளவாகத் தாழ்ந்தால் பெரும்பாலும் கேடில்லை. ஒரு மூலை மற்றொன்றைவிட அதிகம் தாழும்போதுதான் சுவர் பிளக்கிறது. மூன்று மீட்டர் இடைவெளியில் பத்து மில்லிமீட்டர் வேறுபாடு ஏற்பட்டால் சுவர்களில் விரிசலை எதிர்பார்க்கலாம். இருபது மில்லிமீட்டர் ஆனால் கட்டடத்தின் உறுதிக்கே ஊறு நேரலாம் என்பது மண் பொறியியலில் நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. விரிசலின் அகலத்தைக் கொண்டு சேதத்தைத் தரம் பிரிக்கும் முறையும் உண்டு. ஒரு மில்லிமீட்டருக்கு உட்பட்டது மிகச் சிறிய சேதம். ஐந்து மில்லிமீட்டர் வரை சிறிய சேதம். பதினைந்து வரை நடுத்தரம். இருபத்தைந்து வரை கடுமை. அதற்கு மேல் மிகக் கடுமை. விரிசல்களின் எண்ணிக்கையும் அவை இருக்கும் இடமும் இதனுடன் சேர்த்துப் பார்க்கப்படும்.

இக்கணக்குகள் பொறியாளருக்கு மட்டும் உரியவை அல்ல. ஒரு விரிசலின் இரு கரைகளிலும் பென்சிலால் குறியிட்டு, பக்கத்தில் தேதி எழுதி, வாரம் ஒரு முறை அளவுகோலால் அளந்து குறித்துவைக்கும் இல்லத்தரசி, நீதிமன்றத்தில் மதிக்கத்தக்க சான்று ஒன்றைத் தயாரிக்கிறார்.

தொடக்க ஆய்வின் முக்கியத்துவம்

இழப்பீடு கோருவோர் கேட்கும் முதல் மறுமொழி பெரும்பாலும் ஒன்றே: "உங்கள் வீடு பழைய வீடு, இந்த விரிசல் முன்பே இருந்தது." இதற்கு விடை ஒரே ஓர் ஆவணத்தில் இருக்கிறது. பணி தொடங்குமுன் பாதையின் இருபுறமும் உள்ள கட்டடங்களை ஆய்ந்து, புகைப்படத்துடன் பதிவு செய்யும் நிலைமை அறிக்கையே அது. பெரிய சுரங்கத் திட்டங்களில் இவ்வாய்வு வழக்கமாகச் செய்யப்படுகிறது. நிலத் தாழ்வைக் காட்டும் அளவுக்குறிகள், சாய்வுமானிகள், விரிசல் அளவிகள் ஆகியவையும் பொருத்தப்படுகின்றன. ஆனால் இந்த ஏடுகளெல்லாம் யார் கையில் இருக்கின்றன? பணியை நடத்துவோர் கையிலும் ஒப்பந்தக்காரர் கையிலும் இருக்கின்றன. எவருடைய வீட்டைப் பற்றி எழுதப்பட்டதோ அவர் கையில் ஒரு படி இருப்பது அரிது.

ஆய்வாளர் வரும்போது வீட்டைத் திறந்துவிடாமல் அனுப்பிவிடுவோரும் உண்டு. வீட்டை அரசு எடுத்துக்கொள்ளப் போகிறது என்ற அச்சமே காரணம். அந்த அச்சத்தை நீக்குவது நிர்வாகத்தின் கடமை. ஆய்வின் நோக்கத்தை மக்கள் மொழியில் எழுதித் தந்து, அறிக்கையில் வீட்டுக்காரரின் கையொப்பமும் பெற்று, ஒரு படியை அவரிடமே விட்டுச்சென்றால், பின்னர் எழும் சச்சரவுகளில் பாதி எழாமலே போகும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மெட்ரோ ரயில் கட்டுமானத்துக்கென 1978இல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றியது. முதலில் கொல்கத்தா மாநகருக்குப் பொருந்திய இச்சட்டம் பின்னர் ஏனைய பெருநகரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. நிலத்தையும் கட்டடங்களையும் பெறும் முறை மட்டுமின்றி, பாதையை ஒட்டிய கட்டடத்தின் அடித்தளத்துக்கு முட்டுக்கொடுத்து வலுப்படுத்தும் அதிகாரமும் நிர்வாகத்துக்கு இதில் தரப்பட்டிருக்கிறது. பணியால் நேரும் சேதத்துக்கும் இழப்புக்கும் தொகை வழங்குவது பற்றியும் சட்டம் பேசுகிறது. ஆகவே கையகப்படுத்தப்படாதவர் சட்டத்தின் கண்ணுக்கு முற்றிலும் புலப்படாதவர் அல்லர்.

இதற்கு அப்பாலும் வழிகள் உண்டு. ஒருவர் நிலத்தை அண்டை நிலம் தாங்கி நிற்பது அவருக்குரிய இயற்கை உரிமை. 1882ஆம் ஆண்டின் இந்திய அனுபவ உரிமைச் சட்டம் இதனைத் தெளிவாகக் கூறுகிறது. ஆனால் அவ்வியற்கை உரிமை வெறும் நிலத்துக்குத்தான். அதன்மீது எழுப்பிய கட்டடத்தின் சுமைக்கு அன்று. கட்டடம் இருபது ஆண்டுகள் தடையின்றி அத்தாங்குதலைப் பெற்றிருந்தால், அதுவும் உரிமையாக முதிர்கிறது. இச்சட்டம் தமிழ்நாடு, மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில் நடைமுறையில் உள்ளது. மேற்கு வங்கத்துக்கு அது விரிவுபடுத்தப்படவில்லை. ஆயினும் இருபதாண்டு அனுபவத்தால் உரிமை பிறக்கும் நெறி காலவரையறைச் சட்டத்திலும் இடம்பெற்றிருக்கிறது. "பழைய வீடு" என்பது வீட்டுக்காரருக்கு எதிரான வாதமாக மட்டும் அமைவதில்லை. அவருக்கு உரிமை தரும் வாதமாகவும் அமையலாம் என்பதைக் கவனிக்க வேண்டுகிறேன்.

சட்டத்தின் அனுமதியோடு செய்யும் பணியால் தவிர்க்கவே இயலாத தீங்கு நேர்ந்தால், தனிச் சட்டம் தரும் தொகைக்கு மேல் வழக்காட இடமில்லை என்பது பழைய ஆங்கிலச் சட்ட நெறி. ஆனால் அதே பணியைக் கவனக்குறைவாகச் செய்தால் அப்பாதுகாப்பு கிடைக்காது என்றும் 1878இலேயே பிரபுக்கள் சபை தீர்ப்பளித்தது. ஆகவே போதிய மண் ஆய்வு நடந்ததா, அளவீடுகள் எச்சரித்தபோது பணி நிறுத்தப்பட்டதா என்பவையே பல வழக்குகளின் உயிர்நாடியாகின்றன. 1986இல் நம் உச்ச நீதிமன்றம் எம்.சி. மேத்தா வழக்கில் அபாயகரமான தொழில்களுக்கு முழுப் பொறுப்பு நெறியை வகுத்தது. சுரங்கப் பணிக்கு அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. எனினும், ஆபத்தை உண்டாக்கி அதனால் பயன் பெறுவோரே இழப்பையும் ஏற்க வேண்டும் என்னும் அதன் அடிப்படை, எல்லாத் திட்டங்களுக்கும் நல்வழி காட்டுவதாகும்.

சொத்துரிமை அடிப்படை உரிமைகளின் பட்டியலிலிருந்து 44ஆவது திருத்தத்தால் நீக்கப்பட்டது உண்மை. ஆனால் சட்டத்தின் அதிகாரமின்றி எவரது சொத்தும் பறிக்கப்படலாகாது என்னும் 300ஏ பிரிவு நிற்கிறது. அரசும் அரசு நிறுவனங்களும் கடமை தவறும்போது உயர் நீதிமன்றத்தை நேரடியாக அணுகலாம். பௌபஜார் நிகழ்ச்சியின் பின்னர் அங்கு நடந்த சுரங்கப் பணியும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் கண்காணிப்புக்கு உட்பட்டது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்களின் ஆய்வைப் பெற்ற பின்னரே, 2020 பிப்ரவரியில் பணியைத் தொடர நீதிமன்றம் இசைவளித்தது.

காலம் கடத்தலாகாது

வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் தோற்பது சட்டத்தால் அன்று, காலத்தால். 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், ஒரு சட்டத்தின்படி செய்ததாகக் கூறப்படும் செயலுக்கு இழப்பீடு கோரும் வழக்குக்கு ஓராண்டே காலம். "பணி முடியட்டும், பார்க்கலாம்" என்னும் வாய்மொழி உறுதியை நம்பிக் காத்திருப்போர் உரிமையை இழக்க நேரிடலாம். வேறு பிரிவுகளின்கீழ் நீண்ட காலம் உண்டென்று வழக்கறிஞர் வாதிடக்கூடும். ஆனால் ஓராண்டு என்று எண்ணி நடப்பதே பாதுகாப்பு. தீங்கு உண்மையில் வெளிப்பட்ட நாளிலிருந்தே சில வழக்குகளில் காலம் கணக்கிடப்படும் என்பது ஓர் ஆறுதல். அடிநிலத்தில் நிலக்கரி தோண்டியவர் மீது மேல்நிலத்துக்காரர் வழக்கிட்டால், நிலம் தாழ்ந்த நாளே தொடக்கம் என்று 1908ஆம் ஆண்டின் பழைய சட்டமே எடுத்துக்காட்டுத் தந்திருந்தது. அரசுக்கு எதிரான உரிமை வழக்கில் இரண்டு மாத முன்னறிவிப்பு தரவேண்டும் என்பதையும், அவசர நிலையில் நீதிமன்ற அனுமதியுடன் அதனைத் தவிர்க்கலாம் என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

வீட்டுக்காரர் செய்ய வேண்டுவன

முதலாவதாக, பாதை தம் தெருவின் வழியே வருகிறது என்று தெரிந்தவுடனே வீட்டின் எல்லா அறைகளையும், முகப்பையும், கூரையையும் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்துவைக்க வேண்டும். முடிந்தால் தகுதி பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் அறிக்கை பெறுவது நலம். பத்து வீட்டார் கூடிச் செய்தால் செலவு சுருங்கும்.

இரண்டாவதாக, சேதம் கண்ட அன்றே எழுத்து மூலம் புகார் செய்து, ஒப்புகை பெற வேண்டும். மெட்ரோ நிர்வாகம், ஒப்பந்தக்காரர், நகராட்சி ஆகிய மூவருக்கும் படிகள் செல்ல வேண்டும். உயிருக்கு ஆபத்தென்று அஞ்சினால் வெளியேறுவதே முறை. புகார் பிறகு எழுதலாம்.

மூன்றாவதாக, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, தம் வீட்டின் நிலைமை அறிக்கையையும், அருகிலுள்ள அளவுக்குறிகளின் பதிவுகளையும் கேட்கலாம். முப்பது நாட்களுக்குள் விடை தரப்பட வேண்டும்.

நான்காவதாக, இழப்பு என்றால் சுவர் மட்டும் அன்று. செப்பனிடும் செலவு, வேறிடத்தில் தங்கிய வாடகை, பொருள்களை எடுத்துச்சென்ற கூலி, பட்டறை மூடிக்கிடந்த நாட்களின் வருமானம், பள்ளிக்குப் பிள்ளைகள் சென்றுவர ஆன கூடுதல் செலவு, கட்டடத்தின் மதிப்புக் குறைவு ஆகிய ஒவ்வொன்றையும் தனித்தனியே கணக்கிட்டு, ரசீதுகளைக் காக்க வேண்டும்.

ஐந்தாவதாக, எந்தத் தொகையைப் பெறும்போதும் கையொப்பமிடும் தாளைப் படித்துப் பார்க்க வேண்டும். அது உடனடி உதவிக்கான ரசீதா, அல்லது எல்லாக் கோரிக்கைகளும் தீர்ந்தன என்னும் விடுவிப்புப் பத்திரமா என்பதை அறியாமல் கையொப்பமிட்டவர் பின்னர் வருந்துவர். மண் அசைந்து அடங்கப் பல மாதங்கள் ஆகலாம். முதல் விரிசலுக்குப் பூச்சுப் பூசியதோடு கணக்கை முடித்துவிட்டால், இரண்டாவது விரிசலுக்குக் கேட்பாரில்லை.

வழக்குச் செலவுக்கு அஞ்சுவோர், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தை அறிதல் வேண்டும். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். வருமானம் குறைந்த ஏனையோருக்கும் அவ்வுதவி உண்டு.

வாடகைக்காரரை மறவாதீர்

வீடு இடிந்தால் சொந்தக்காரருக்கு மனையாவது மிஞ்சுகிறது. வாடகைக்காரருக்கோ எதுவும் மிஞ்சுவதில்லை. பழைய நகரப்பகுதிகளில் பலரிடம் முறையான ஒப்பந்தப் பத்திரமும் இருப்பதில்லை. சிலரிடம் பழைய வாடகை ரசீதுகள் மட்டும் இருக்கும். அவையும் இடிபாட்டில் புதைந்திருக்கும். குடும்ப அட்டை, மின் கட்டண ரசீது, வாக்காளர் பட்டியல், பள்ளிச் சான்று ஆகிய எதையும் குடியிருந்ததற்குச் சான்றாக ஏற்கும் நெகிழ்ச்சி நிர்வாகத்துக்கு வேண்டும். மீண்டும் கட்டப்படும் வீட்டில், முன்பிருந்த வாடகைக்காரருக்கு அதே பரப்பளவில் இடம் உண்டு என்று எழுத்தில் உறுதி தரப்பட வேண்டும். வெளியேறியிருந்த காலத்தைக் காரணமாகக் காட்டி உரிமை அற்றுப்போயிற்று என்று சொல்ல எவருக்கும் இடம் தரலாகாது. பட்டறைகளில் கூலிக்கு வேலை செய்தோரின் நிலை இன்னும் பரிதாபமானது. வீட்டின் மீதோ கடையின் மீதோ அவர்களுக்கு உரிமை இல்லை. ஆனால் வேலை போயிற்று. குடும்பத்துக்கு ஒரு தொகை என்னும் முறையில் இவர்கள் எண்ணப்படுவதே இல்லை.

நிர்வாகத்தின் முன் சில யோசனைகள்

புதிய பாதைகள் பல நகரங்களில் உருவாகி வரும் இவ்வேளையில், சில யோசனைகளை உங்கள் முன் வைக்கிறேன்.

ஒன்று, நிலைமை அறிக்கையின் படி வீட்டுக்காரருக்கும் வாடகைக்காரருக்கும் கட்டாயம் தரப்பட வேண்டும். பணி நடக்கும் நாட்களில் அளவீடுகள் வாரந்தோறும் பொது இடத்தில் வெளியிடப்பட வேண்டும்.

இரண்டு, மெய்ப்பிக்கும் பொறுப்பு மாற வேண்டும். சுரங்கத்திலிருந்து குறிப்பிட்ட தூரத்துக்குள், பணிக்காலத்திலும் அதன்பின் குறிப்பிட்ட காலம் வரையிலும் தோன்றும் சேதம், பணியால் நேர்ந்ததாகவே கொள்ளப்படட்டும். அன்று என்று நிறுவ வேண்டியது நிர்வாகத்தின் பொறுப்பாகட்டும். அளவீடுகள் யாரிடம் இருக்கின்றனவோ அவரே அவற்றைக் காட்டி விளக்குவதுதான் நீதி.

மூன்று, திட்டச் செலவிலேயே இதற்கென ஒரு நிதி ஒதுக்கப்பட வேண்டும். ஒப்பந்தக்காரர் மூன்றாம் தரப்பினர்க்கான காப்பீடு எடுத்திருந்தாலும், காப்பீட்டுக் கழகமும் ஒப்பந்தக்காரரும் ஒருவரையொருவர் சுட்டிக்கொண்டிருக்கும் வரை பாதிக்கப்பட்டவர் காத்திருக்கலாகாது. நிதியிலிருந்து முதலில் கொடுத்துவிட்டு, பிறகு உரியவரிடம் வசூலித்துக்கொள்ளட்டும்.

நான்கு, மதிப்பீடு செய்பவர் திட்டத்தைச் சாராதவராக இருக்க வேண்டும். நகராட்சி, பொறியியற் கல்லூரி, குடியிருப்போர் சங்கம் ஆகியவற்றின் பிரதிநிதிகள் கொண்ட சிறு குழு ஒவ்வொரு பகுதியிலும் அமைந்து, புகார் வந்த சில நாட்களுக்குள் வீட்டை நேரில் பார்க்க வேண்டும்.

ஐந்து, உடனடி உதவியும் இறுதி இழப்பீடும் வெவ்வேறு என்பது விதிகளில் தெளிவாக எழுதப்பட வேண்டும். முதலாவதைப் பெற்றதனால் இரண்டாவதைக் கோரும் உரிமை போகாது என்பது அச்சிட்டுத் தரப்பட வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம். செலவு இப்போதும் செய்யப்பட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் அதைச் செய்பவர் அரசு அல்லர், விரிசல் விழுந்த வீட்டில் குடியிருப்பவர். அவர் வட்டிக்கு வாங்கிச் சுவரைச் செப்பனிடும்போது, திட்டத்தின் ஒரு பகுதிச் செலவு அவர் தலையில் ஏற்றப்படுகிறது. திட்டக் கணக்கில் அது தென்படாததால் திட்டம் மலிவாகத் தோன்றுகிறது. கணக்கு நேர்மையாக எழுதப்படுமானால், எந்த வழியில் பாதை செல்லலாம், எந்த இடத்தில் மண்ணை முன்னதாக வலுப்படுத்தலாம், எந்த வீட்டைப் பணிக்காலத்தில் காலி செய்விக்கலாம் என்னும் முடிவுகளும் சீராக அமையும். இழப்பீடு கருணை அன்று. திட்டமிடுதலின் ஓர் அங்கம்.

நண்பர்களே, அரசின் பணிகளை மக்கள் எதிர்ப்பதற்குப் பல நேரங்களில் பணி காரணமாவதில்லை. தமக்கு நீதி கிடைக்காது என்னும் அச்சமே காரணமாகிறது. தம் வீடு பழுதுபட்டால் குறித்த நாளுக்குள் குறித்த முறையில் ஈடு கிடைக்கும் என்ற நம்பிக்கை ஏற்படுமானால், ஆய்வாளருக்குக் கதவைத் திறக்க எவரும் தயங்கமாட்டார். அந்த நம்பிக்கையை உண்டாக்குவது சுரங்கம் தோண்டுவதைவிடக் கடினமான பணி அன்று. ஆனால் அதற்கு முன்னதாகவே தொடங்கப்பட வேண்டிய பணி.